நாய்க்கு வவுறு கெட்டுப்போச்சா? ஊட்ல என்ன பண்ணலாம், எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்

நாய் கக்கிட்டே இருந்தாலோ பேதியா போனாலோ நம்மூர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. மோர ஊத்துங்கம்பாரு ஒருத்தர், பச்சத்தண்ணி கூட காட்டாதீங்கம்பாரு இன்னொருத்தர், மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கி சோத்துல பெசைஞ்சு வெச்சா நின்னுரும்னு பக்கத்து ஊட்டுக்காரர் சொல்லுவாரு. எங்க நாய்க்கு ஆடி மாசம் ஒறம்பரைக்கு ஆக்குன கறி மிச்சத்த தின்னுபோட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சுது, போன் பண்ண கிளினிக் எல்லாம் பூட்டிருந்துச்சு, யார் சொல்றத கேக்கறதுன்னே தெரியாம விடியற வரைக்கும் அல்லாடுனோம். அப்பறம் டாக்டர்கிட்ட ஒவ்வொண்ணா கேட்டு தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க வரிசையா எழுதறனுங்க. புதுசா நாய் வளக்கறவங்களுக்கு அந்த மாதிரி ஒரு ராத்திரி வரக்கூடாது.

ஊட்டு வைத்தியம்னா நோவ குணப்படுத்தறதுன்னு நெனச்சுராதீங்க. வயித்துக்கு கொஞ்சம் ஓய்வு குடுக்கறது, ஒடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கறது, அவ்வளவுதான் நம்ம கையில இருக்குது. அதனால மொத வேலை, இது ஊட்ல வெச்சு பாக்கற கேஸா இல்லையான்னு முடிவு பண்றதுதான்.

1. மொதல் பத்து நிமிஷத்துல முடிவு பண்ணுங்க

தடுப்பூசி எல்லாம் சரியா போட்ட பெரிய நாய், ஒண்ணு ரெண்டு தடவை கக்குச்சு இல்ல எளக்கமா போச்சு, ஆனா வாலாட்டுது, கூப்பிட்டா எந்திரிச்சு வருது, தண்ணி குடிச்சா உள்ள நிக்குதுன்னா ஒரு நாள் ஊட்ல வெச்சு பாக்கலாம்.

கீழ இருக்கறதுல ஒண்ணு இருந்தாலும் ஊட்டு வைத்தியத்துல நேரத்த போக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க:

- ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கற குட்டி, சினை நாய், ரொம்ப வயசானது, சக்கரை இல்ல கிட்னி பிரச்சனை ஏற்கனவே இருக்கறது
- குடிச்ச தண்ணியும் உள்ள நிக்காம திரும்ப திரும்ப கக்குது
- ரத்தம் வருது, இல்ல கக்குனது காப்பித்தூள் மாதிரி இருக்குது, இல்ல பீ தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு போகுது
- வவுறு உப்பி கல்லாட்டம் இருக்குது, ஓங்கரிக்குது ஆனா ஒண்ணும் வெளிய வரல
- நடுங்குது, வலிப்பு வருது, வாயில நொரையா எச்சி ஊத்துது
- கண்ணு வெள்ளையோ ஈறோ மஞ்சளா இருக்குது
- எந்திரிக்கவே மாட்டேங்குது

இதுல அந்த நாலாவதத்தான் நெறைய பேருக்கு தெரியறதில்ல. நெஞ்சுக்கூடு ஆழமா இருக்கற பெரிய ஜாதி நாய்ங்களுக்கு, ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி, வவுறு காத்தடைச்சு அப்படியே முறுக்கிக்கும். கேஸ் புடிச்சிருக்குன்னு சோடா ஊத்தறது, வவுத்த நீவி விடறதெல்லாம் வேண்டாம், மணிக்கணக்குல உசுரு போயிரும், ஆபரேஷன் பண்ற எடத்துக்குத்தான் கொண்டு போகணும், நடு ராத்திரியா இருந்தாலும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியமுங்க. வெறிநாய் ஊசி போடாத நாய், தாடை தொங்குது, முழுங்க முடியல, எச்சி ஒழுகுது, கொரலு மாறிப்போச்சுன்னா தொண்டையில எலும்பு மாட்டியிருக்கும்னு நெனச்சு வாயில கைய விட்றாதீங்க. ரேபிஸ் அப்படியும் ஆரம்பிக்கும். நாய தனியா கட்டிப்போட்டுட்டு டாக்டருக்கு மொதல்ல போன்ல சொல்லுங்க, எச்சில் கையில பட்டிருந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நீங்களும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

2. ஈறு, தோல், சூடு பாருங்க

மேல் ஒதட்ட தூக்கி ஈற பாருங்க. ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும். வெரல்ல அழுத்தி எடுத்தா வெளுத்துப் போயி ரெண்டு செகண்டுக்குள்ள பழைய கலர் வரணும். ஈறு வெளுத்திருந்தா, ஒட்டற மாதிரி காஞ்சிருந்தா, கலர் திரும்ப நேரம் ஆச்சுன்னா தண்ணி வத்திருச்சு இல்ல ரத்தம் கம்மியாயிருச்சுன்னு அர்த்தம். சில நாய்க்கு ஈறே கருப்பா இருக்கும், அதுகளுக்கு கண்ணுக்கு கீழ் எமைய இழுத்து உள்பக்கம் பாருங்க.

அப்பறம் தோள்பட்டைக்கு நடுவுல தோல மெதுவா இழுத்து விடுங்க, டக்குனு பழைய எடத்துக்கு போகணும், கூடாரம் மாதிரி நின்னா தண்ணி போதல.

சூடு பாக்கறதுக்கு நாய்க்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுக்கங்க, எரநூறு ரூபா பக்கம் வரும். நுனியில தேங்காண்ணெய் தடவி ஆசனவாயில ஒரு இஞ்ச் வெச்சா போதும். நாய்க்கு 101-ல இருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். நம்ம கணக்குல பாத்து 102 இருக்குதே காய்ச்சல்னு பயந்து மாத்திரை குடுக்கறவங்க இருக்காங்க. 103.5-க்கு மேல போனாலும் சரி 99-க்கு கீழ எறங்குனாலும் சரி, டாக்டர்.

காய்ச்சலோட சாப்பிடாம கக்குற நாய்க்கு காது மடல், வெரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில உண்ணி இருக்குதான்னு பாருங்க. தோட்டத்துல, ஆட்டுப்பட்டி பக்கத்துல திரியற நாயின்னா கட்டாயம் பாக்கணும். உண்ணிக்காய்ச்சல் பல தடவை வவுத்துப் பிரச்சனை மாதிரியே ஆரம்பிக்கும், ஒண்ணுக்கு காப்பி கலர்ல போச்சுன்னா ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

3. என்ன தின்னுச்சுன்னு தேடுங்க

நாய பாத்தது போக, அது சுத்துன எடத்தையும் போயி பாருங்க. குப்பைத்தொட்டி, கொல்லை, சாளைக்கு பின்னாடி, கார் ஷெட்டு எல்லாம்.

நம்ம பக்கத்துக்குன்னே சில சாமான் இருக்குது. திருப்பூர், அவிநாசி பக்கம்னா பனியன் வேஸ்ட்டும் நூலும். துணித்துண்டு ஒரு வகையில மாட்டும், நூல் அதவிட மோசம், ஒரு முனை நாக்கடியில இல்ல வயித்துல மாட்டிக்கிட்டு மீதி கொடல்ல போயி கொடல சுருக்கி அறுத்துரும். பின்பக்கம் நூல் தொங்குச்சுன்னா புடிச்சு இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டு போங்க. பல்லடம், உடுமலை பக்கம் மக்காச்சோளம் வெதைக்கறவங்க கதிர் சக்கைய அங்கங்க போட்டுருவாங்க, அது கொடல்ல போயி கார்க் மாதிரி அடைச்சுக்கும். பொள்ளாச்சி பக்கம் மாங்கா சீசன்ல மாங்கொட்டையும் அப்படித்தான். வேகவெச்ச கோழி எலும்பு, ஆட்டெலும்பு ஒடைஞ்சா குச்சி குச்சியா குத்தும். இதெல்லாம் சந்தேகம்னா எக்ஸ்ரே, ஸ்கேன் பாக்கணும், சோத்துல சரியாகற விஷயம் இல்ல.

கறி விருந்து, தீபாவளி, கெடா வெட்டு முடிஞ்ச மறுநா வர்ற கேஸ் தனி. கொழுப்புக்கறி, குழம்பு எண்ணெய்னு ஒரேடியா தின்னா கணையம் வீங்கிரும், முன்னங்கால நீட்டி தலைய கீழ வெச்சு பின்பக்கத்த தூக்கி நின்னுட்டே இருக்கும், வவுத்த தொட விடாது. அப்ப ஊட்ல வெச்சிருக்காம காமிச்சிருங்க.

வெஷம்தான் எல்லாத்தவிட மோசம். தோட்டத்துல மருந்தடிச்ச அன்னிக்கு நாய் எச்சி ஊத்தி, கண்ணு பாப்பா சுருங்கி, ஒடம்பு துடிச்சுதுன்னா பூச்சி மருந்துன்னு வெச்சுக்கங்க, அட்ரோபின் ஊசி ஒடனே போட்டா பொழைக்க வழி இருக்குது. மேல தெளிச்சிருந்தா கையில கவர் மாட்டிக்கிட்டு சோப்பு போட்டு கழுவி விடுங்க. எலி மருந்துல ஒரு வகை தின்ன அன்னிக்கு ஒண்ணும் காட்டாது, மூணு நாலு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், அதனால தின்னத பாத்துட்டா நாய் நல்லா இருந்தாலும் போகணும். சாம்பல் கலர் பொடி எலி மருந்து, ஜிங்க் பாஸ்பைடு, அத தின்ன நாய்க்கு சோறு போடக்கூடாது, வயித்து அமிலத்தோட சேந்து வெஷ வாயு வரும், வண்டில கொண்டு போறப்ப கண்ணாடிய எறக்கி வெச்சுக்கங்க, நாய் கக்குனா அந்த வாயு நமக்கும் ஆகாது. மருந்து டப்பா, பாக்கெட்டு எது கெடைச்சாலும் கையோட எடுத்துட்டு போங்க, உள்ள என்ன இருக்குன்னு டாக்டருக்கு அது சொல்லிரும்.

உப்புத்தண்ணி ஊத்தி கக்க வெக்கற பழக்கம் இன்னும் இருக்குதுங்க. பண்ணாதீங்க. உப்பே நாய கொன்னுரும், அமிலம் முழுங்கியிருந்தா ரெண்டாவது தடவை தொண்டைய அரிச்சுரும், பெட்ரோல்னா கக்கறப்ப நுரையீரலுக்குப் போயிரும்.

4. மனுச மாத்திரை எதுவும் வேண்டாம்

பாராசிட்டமால் ஈரலக் கெடுக்கும். ஐபுப்ரோபன், டைக்ளோபினாக் வயித்துல புண்ணாக்கி கிட்னிய கெடுக்கும், ஏற்கனவே வவுறு கெட்டுக் கெடக்கற நாய்க்கு அத குடுத்தா என்ன ஆகும்னு யோசிங்க. பேதி நிக்கறதுக்கு நாம போடற லோப்பரமைடு மாத்திரை, கோலி (Collie) ஜாதி மாதிரி சில நாய்ங்களுக்கு மூளைக்கே ஏறும், வெஷமோ கிருமியோ வெளிய போறத அடைச்சும் வெச்சுரும். மெட்ரோனிடசோல்ங்கற கிருமி மாத்திரை டாக்டர் எழுதறதுதான், ஆனா எடைக்கு கணக்கு போட்டு எழுதறாரு, போன தடவை மிச்சமானத நாமளா குடுக்கறது வேற. வெளக்கெண்ணெயும் வேண்டாம்.

5. தண்ணி குடுக்கற முறை

கக்கிட்டு வந்த நாய் ஒரு குண்டா தண்ணிய ஒரே மூச்சுல குடிக்கும், ஒடனே திரும்ப கக்கும், அதப் பாத்துட்டு தண்ணியவே எடுத்து வெச்சுருவாங்க. ரெண்டும் தப்புங்க. கக்கி முடிச்சதும் ஒரு மணி நேரம் விடுங்க, அப்பறம் பத்து கிலோ நாய்க்கு ரெண்டு டேபிள் ஸ்பூன், இருவது நிமிஷம் பொறுத்து இன்னொரு ரெண்டு ஸ்பூன். ரெண்டு மணி நேரம் உள்ள நின்னுச்சுன்னா அளவ ஏத்திக்கலாம். சாதாரணமா ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணி வேணும், பத்து கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல, பேதி போனா அதுக்கும் மேல.

ஓஆர்எஸ் பவுடர் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம், பாக்கெட்டு இருவது இருவத்தஞ்சு ரூபாதான். உலக சுகாதார நிறுவன பார்முலான்னு போட்டிருக்கறத வாங்குங்க, பாக்கெட்டுல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா முழுசா ஒரு லிட்டர்லதான் கலக்கணும், பாதிப் பொடிய கண்ணளவுல போட்டா உப்பு தப்பாயிரும். கலக்குனத 24 மணி நேரத்துக்கு மேல வெக்க வேண்டாம். டப்பால வர்ற பழ ருசி பானம் வேண்டாம். சக்கரை இல்லாததுன்னு எழுதியிருக்கறதுல சைலிட்டால்ங்கற இனிப்பு இருந்தா நாய்க்கு அது வெஷம்.

தானா குடிக்கலைன்னா ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சுல, கன்னத்துப் பக்கமா, சொட்டுச் சொட்டா விடுங்க. தலைய அண்ணாந்து புடிச்சு வாயில ஊத்தக்கூடாது, நுரையீரலுக்குப் போயி நிமோனியா வந்துரும். மயக்கமா இருக்கற நாய்க்கு வாயில எதுவுமே விடாதீங்க, அதுக்கு டிரிப்தான்.

6. எவ்வளவு நேரம் பட்டினி

கக்குன பெரிய நாய்க்கு எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் சோறு வேண்டாம், ராத்திரி ஆரம்பிச்சா வெடியால வரைக்கும்னு வெச்சுக்கங்க. கக்கல, பேதி மட்டும்தான்னா பட்டினி போடணும்னே அவசியமில்ல, நேரா பத்தியச் சோத்துக்கு போயிரலாம். குட்டிகள பட்டினி போடக்கூடாது, சக்கரை எறங்கி மயங்கி விழுந்துரும்.

7. பத்தியச் சோறு

வெள்ளை அரிசிய கொழைய வேகவெச்சு ரெண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறிய தண்ணியில வேகவெச்சு பிச்சுப்போட்டது ஒரு பங்கு. கோழித் தண்ணிய ஊத்தறதுன்னா ஆற வெச்சு மேல மெதக்கற கொழுப்ப எடுத்துட்டு ஊத்துங்க. உப்பு, மொளகா, எண்ணெய், தாளிப்பு எதுவும் கூடாது. இது கூட வேகவெச்சு மசிச்ச அரசாணிக்காய் (மஞ்சப் பூசணி) ஒண்ணு ரெண்டு ஸ்பூன் சேத்தா பேதி கெட்டிப்பட நல்லதுங்க, எங்கூட்ல இப்ப எப்பவும் ஒரு கீத்து இருக்கும்.

புரட்டாசில கறி எடுக்காத ஊடா இருந்தா கொழைஞ்ச சோத்துல புளிக்காத தயிர் ஒண்ணு ரெண்டு ஸ்பூன், அதே அரசாணிக்காய், ரெண்டு நாளைக்கு தாங்கும். முட்டை புழங்கற ஊடுன்னா வேகவெச்ச வெள்ளைக்கரு போடலாம். பால் வேண்டாம், பெரிய நாய் நெறைய பேருக்கு அது செரிக்காது, பேதி இன்னும் கூடும். கம்மஞ்சோறு, ராகிக்களி நல்லதுதான், ஆனா நார் ஜாஸ்தி, அந்த ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்தி வைங்க.

இங்க நம்ம ஊட்ல எல்லாரும் மாட்டற எடம் அரிசிம்பருப்பு சோறு. எளசா, கொழைவா இருக்குதேன்னு நாய்க்கு வெச்சுருவாங்க, அதுல சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்குது. வெங்காயம் நாயோட செவப்பணுவ ஒடைக்கும், வேகவெச்சாலும் அந்த கொணம் போகாது. கிலோ எடைக்கு 15-ல இருந்து 30 கிராம் போனாலே ரத்தத்துல தெரியும், கொஞ்சம் கொஞ்சமா தெனமும் போட்டாலும் சேந்துரும். பூண்டு ரசம் வவுத்துக்கு நல்லதுன்னு ஊத்தறதும் இதே மாதிரி கெடுதல்தான்.

மொத தடவை ரெண்டு ஸ்பூன் மட்டும் வைங்க. ரெண்டு மணி நேரம் நின்னா நாலு ஸ்பூன். மொத நாள் அஞ்சாறு தடவையா பிரிச்சு, மொத்தமா பாத்தா வழக்கமா திங்கறதுல பாதி கூட வேண்டாம். பீ கெட்டியான பொறகு பழைய சாப்பாட்டுக்கு ஒரே நாள்ல மாறாதீங்க: மொத நாள் முக்கால் பங்கு பத்தியம் கால் பங்கு பழசு, அடுத்த நாள் பாதிப்பாதி, அப்பறம் முக்கால் பழசு. நாலு நாள் ஆகும், அவசரப்பட்டா திரும்ப மொதல்ல இருந்து.

24 மணி நேரத்துல கொஞ்சமாவது தேறணும், பேதி 48 மணி நேரம் தாண்டிருச்சுன்னா நாய் ஓடியாடினாலும் காமிச்சுருங்க.

8. கையில என்ன எடுத்துட்டு போறது

தடுப்பூசி புக், பூச்சி மருந்து குடுத்த தேதி, எடை. எடை தெரியலைன்னா நாய தூக்கிக்கிட்டு மெஷின்ல நின்னு, அப்பறம் நீங்க மட்டும் நின்னு, கழிச்சுக்கங்க. எத்தன மணிக்கு கக்குச்சு, எப்ப பேதி, கடைசியா எப்ப ஒண்ணுக்கு போச்சுன்னு ஒரு தாள்ல எழுதிட்டு போங்க, அங்க போயி நின்னா பதட்டத்துல எதுவும் வாய்ல வராது. கக்குனது, பீ ரெண்டையும் போட்டோ எடுங்க. புதுப் பீய சுத்தமான சின்ன டப்பால அன்னிக்கே கொண்டு போனா புழு, கிருமி டெஸ்ட் அங்கயே பண்ணிரலாம். ஓங்கரிக்கறத வீடியோ எடுத்தா ரொம்ப ஒதவும், கக்குறதும் இருமுறதும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

9. எங்க போறது, எவ்வளவு ஆகும்

அரசு கால்நடை மருந்தகம் உங்க ஊர் பக்கத்துலயே இருக்கும், செலவு பெருசா இல்ல, காலையில நேரமே போயிருங்க. ஆனா டெஸ்ட், ஸ்கேன், ராத்திரி வெச்சு பாக்கறதுக்கு பெரிய எடம் வேணும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நம்ம பக்கத்துக்கு ரொம்ப வருஷமா இருக்கற எடம், உடுமலைப்பேட்டையிலயும் இப்ப ஒரு கல்லூரி இருக்குது. 1962 நம்பருக்கு போன் பண்ணா வர்ற நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி முக்கியமா மாடு, ஆடுகளுக்காக, அத மட்டும் நம்பி காத்திருக்காதீங்க.

தனியார் கிளினிக்ல பாக்கறதுக்கு மட்டும் முன்னூறுல இருந்து அறநூறு வரைக்கும், டிரிப், ஊசியோட ஒரு நாளைக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு வெச்சுக்கங்க, ரத்த டெஸ்ட் தனி. ஊருக்கு ஊரு மாறும், அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, கேக்கறதுல கூச்சமே வேண்டாம். மொத தடவை நல்லா இருக்கறப்பவே ஞாயித்துக்கிழமை, ராத்திரி யார் பாப்பாங்கன்னு ரெண்டு நம்பர் வாங்கி போன்ல போட்டு வைங்க, நாய ஏத்தற ஆட்டோக்காரர் நம்பரும் ஒண்ணு.

10. குட்டிக்கு ரத்தப்பேதின்னா

பார்வோங்கற வைரஸ் நோவுன்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கணும். தடுப்பூசி முடியாத குட்டி, சுருண்டு படுத்துருச்சு, கக்குது, ரத்தத்தோட பேதி, தாங்க முடியாத நாத்தம். இதுல சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தா குட்டி இருக்காது. மாதுளைத்தோல், கொய்யாக்கொழுந்துன்னு சொல்றத எல்லாம் ஓரமா வெச்சுட்டு டிரிப் போடற எடத்துக்கு தூக்கிட்டு ஓடுங்க. பல நாள் வெச்சு பாக்க வேண்டி வரும், செலவு பல ஆயிரம் ஆகும். தடுப்பூசி ஆறுல இருந்து எட்டு வாரத்துல ஆரம்பிச்சு ரெண்டு நாலு வார இடைவெளில பதினாறு வாரம் வரைக்கும் போடணும், ஒண்ணு போட்டாச்சுன்னு நிறுத்திறாதீங்க, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி மொத ஊசிய வேலை செய்ய விடாம தடுக்கலாம்.

பேதி அள்ளறப்ப கையில கவர் மாட்டிக்கங்க, கொழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, புழு முட்டை நமக்கும் வரும். பார்வோ கிருமி சாதாரண பினாயிலுக்கு சாகாது. எடத்த மொதல்ல சோப்பு போட்டு கழுவிட்டு, ஒரு பங்கு பிளீச் தண்ணிக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து ஊத்தி பத்து நிமிஷம் விட்டு கழுவுங்க, பிளீச்சோட ஆசிட்டோ பினாயிலோ சேக்காதீங்க. மண்ணுல அந்தக் கிருமி மாசக்கணக்குல, சில எடத்துல ஒரு வருஷம் வரைக்கும் கெடக்கும், அதனால அந்த ஊட்டுக்கு அடுத்த குட்டி கொண்டு வர்றதுன்னா ஊசி எல்லாம் முடிச்ச குட்டியாத்தான் கொண்டு வரணும்.